ஒரே எஸ்.எல்.எம். கொண்டு விரும்பிய தளவிளைவுக் கோலத்தில் ஒளிக்கற்றை உருவாக்குதல்: முழுமையான வழிகாட்டி

சாதாரண லேசர் கற்றையின் குறுக்குவெட்டு முழுவதும் தளவிளைவு, அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் விதம், ஒன்றாகவே இருக்கும். இங்கே உருவாக்கப்போவது, குறுக்குவெட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் மின்புலத்தின் திசையை நாமே தீர்மானித்த கற்றை. சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்திலிருந்து வெளியே நோக்கும் ஆரத் தளவிளைவும், மையத்தைச் சுற்றிவரும் தொடுகோட்டுத் தளவிளைவும் அதன் எளிய வகைகள்.

எஸ்.எல்.எம். என்று சுருக்கி அழைக்கப்படும் ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர், ஒளியைப் பிக்சல் பிக்சலாக மாற்றி எதிரொளிக்கும் திரை. அது தன் திரவப் படிக அச்சுக்கு இணையான மின்புலக் கூறின் கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் உள்ளது என்பதை) மட்டுமே மாற்றும். மற்றக் கூறு சாதாரண ஆடியில் பட்டதுபோல் அப்படியே திரும்பிவிடும். இந்தப் பண்பைக் கொண்டு, திரையை இடப் பாதி, வலப் பாதி எனப் பிரித்துக்கொள்கிறோம். கற்றை முதலில் இடப் பாதியில் விழும்; அங்கே கிடைக்கூறு மட்டும் கட்டம் பெறும். திரும்பி வரும் வழியில் இரு கூறுகளும் இடம் மாற்றப்படும். பிறகு கற்றை வலப் பாதியில் விழும்போது, முன்பு தொடப்படாத கூறு கட்டம் பெறும். கடைசியில் ஒரு கால் அலைத் தகடு (ஒரு கூறை மற்றதைவிடக் கால் அலை பிந்தச் செய்யும் தகடு) இவ்விரண்டையும் வலச்சுழல், இடச்சுழல் வட்டத் தளவிளைவுகளாக்கும். சம வலிமையுள்ள இரு எதிர்ச்சுழல்கள் கூடினால் நேர்கோட்டுத் தளவிளைவு கிடைக்கும். அதன் திசைக்கோணம் இரண்டின் கட்ட வேறுபாட்டில் பாதி.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் எல்லா உறுப்புகளையும் மேசையில் வைத்துவிட்டு, இரு பாதிகளிலும் கோலத்தை ஏற்றி, கேமராவில் தெரிவதைப் பார்த்துத் திருத்தத் தொடங்குகிறார்கள். அப்போது பல பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதைத் திருப்பினால் எது மாறுகிறது என்று பிரித்தறிய முடியாது. இந்த அமைப்பில் ஒரு பெரிய வசதி உண்டு: கிடைக்கூறை மட்டும் அனுப்பினால் இடப் பாதி மட்டுமே வேலை செய்யும், செங்குத்துக்கூறை மட்டும் அனுப்பினால் வலப் பாதி மட்டுமே வேலை செய்யும். கீழேயுள்ள வரிசை முழுவதும் இந்த வசதியை நம்பியே அமைந்துள்ளது. ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முன்னதாகச் சேர்த்து வைக்க வேண்டியவை

632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள, நேர்கோட்டுத் தளவிளைவு கொண்ட சில மில்லிவாட் ஹீலியம்-நியான் லேசர் போதும். எஸ்.எல்.எம். கட்டத்தை மட்டும் மாற்றும் வகையாகவும், நமது அலைநீளத்தில் முழு 2 பை கட்டம் (ஒரு முழு அலைச் சுற்று) தரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இங்கே கணக்குகளுக்கு 1920-க்கு 1080 பிக்சல், 8 மைக்ரோமீட்டர் பிக்சல் இடைவெளி, கிடையான படிக அச்சு கொண்ட திரையை எடுத்துக்கொள்கிறேன். அதன் பரப்பு 15.36 மி.மீ.-க்கு 8.64 மி.மீ., ஒரு பாதியின் அகலம் 7.68 மி.மீ.

இவற்றோடு தளவிளைவின் திசையைத் திருப்ப ஓர் அரை அலைத் தகடு, 632.8 நானோமீட்டருக்கான இரண்டு கால் அலைத் தகடுகள், அளவீட்டுக்கு மூன்றாவதாக இன்னொன்று, இரண்டு தளவிளைவாக்கிகள், 300 மி.மீ. குவியத்தூர லென்ஸ், ஒரு தள ஆடி, விளிம்புவரை பூச்சுள்ள அரைவட்ட ஆடி, கற்றையை விரிக்க 50 மி.மீ., 250 மி.மீ. லென்ஸ்கள், கேமராவின் முன் வைக்க 1,000 மி.மீ. லென்ஸ், திறன் அளவி, கேமரா ஆகியவை தேவை. கேமராவில் தானியங்கி ஒளிப்பதிவு நேரத்தை அணைத்து, காமா மதிப்பை 1-இல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு செய்யும் கணக்குகள் அனைத்தும் பிழையாகும்.

எஸ்.எல்.எம்.-ஐ அரை மணி நேரம் முன்பே இயக்கிவிட வேண்டும். திரவப் படிகம் வெப்பநிலைக்கு ஏற்பத் தன் கட்டத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால், குளிர்ந்த திரையில் எடுத்த அளவுத்திருத்தம் ஒரு மணி நேரத்தில் பயனற்றுப்போகும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைப்பதும், கற்றை ஓடும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுசெல்லாதிருப்பதும் முதல் நாளிலேயே பழக வேண்டியவை.

2. கற்றையை விரித்து நேராக்குதல்

லேசரிலிருந்து வரும் ஏறத்தாழ 0.8 மி.மீ. கற்றையை, 50-க்கு 250 லென்ஸ் இணையால் ஐந்து மடங்காக விரித்து 4 மி.மீ. ஆக்க வேண்டும். வட்டத் துளையின் விட்டம் கற்றை விட்டத்தைப்போல் 1.5 மடங்கு இருந்தால் 98.9 விழுக்காடு ஒளி உள்ளே நுழையும், நமது 7.68 மி.மீ. பாதி அதைவிடத் தாராளமானது. "திரையை முழுவதும் பயன்படுத்தலாமே" என்று 7 மி.மீ.-க்கு விரிப்பவர்கள், ஒரு பாதியின் ஒளி மறு பாதிக்குள் கசிவதைக் காண்பார்கள்.

விரிந்த கற்றையின் விட்டத்தை அரை மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை லென்ஸ் இடைவெளியைத் திருத்துக. அரை அலைத் தகட்டை இதற்குப் பிறகு, எஸ்.எல்.எம்.-க்கு முன்னால் வைக்க வேண்டும். இனி வரும் எல்லாச் சோதனைகளிலும் கிடை, செங்குத்து, இரண்டும் சமமாக என்ற மூன்று நிலைகளுக்கு இடையே மாறுவது இந்தத் தகட்டால்தான்.

3. படிக அச்சைக் கண்டறிதல்

எஸ்.எல்.எம். மீது கற்றை 5 பாகைக்கு மிகாத சாய்வில் விழட்டும். எதிரொளித்த கற்றைக்கு முன் ஒரு தளவிளைவாக்கியை ஆய்வியாக வைத்து, அதை உள்வரும் தளவிளைவுக்குக் குறுக்காக நிறுத்தினால், தகட்டின் குறிப்பிட்ட நிலைகளில் மட்டும், திரையில் எந்தச் சாம்பல் அளவை (பிக்சலுக்குத் தரும் 0 முதல் 255 வரையிலான மதிப்பு) ஏற்றினாலும் ஒளி இருண்டே இருக்கும். அந்த நிலைகளில் தளவிளைவு படிக அச்சுக்கு இணையாகவோ குறுக்காகவோ உள்ளது.

எது இணை, எது குறுக்கு என்பதை அறிய, 8 பிக்சலுக்கு ஒருமுறை 2 பை ஏறி இறங்கும் ரம்பக் கீற்றணியைத் திரையில் ஏற்றுக. கற்றை ஏறத்தாழ 0.57 பாகை விலகினால், அதாவது ஒரு மீட்டரில் 10 மி.மீ. அளவு தள்ளி விழுந்தால், அது இணையான நிலை. இரு நிலைகளின் தகட்டுக் கோணங்களையும் தகட்டுத் தாங்கியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. அன்றைக்கே இருபது முறையாவது அவற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

4. சாம்பல் அளவைக் கட்டமாக மாற்றும் அட்டவணை

உள்வரும் தளவிளைவை 45 பாகையிலும் ஆய்வியை அதற்குக் குறுக்காகவும் வைத்து, திரை முழுவதும் ஒரே சாம்பல் அளவாக 0-இலிருந்து 255 வரை எட்டெட்டாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் திறனைக் குறித்துக்கொள்க. திறன் சைன் வர்க்க வடிவில் ஏறி இறங்கும். ஒரு முழுச் சுற்று 2 பை கட்டத்துக்குச் சமம். அந்த வளைவிலிருந்து, சாம்பல் அளவு சீராக ஏறும்போது கட்டமும் சீராக ஏறும்படியான அட்டவணையைத் தயாரித்து எஸ்.எல்.எம்.-இல் ஏற்ற வேண்டும். அதன்பின் ஒரு சாம்பல் படி ஏறத்தாழ 1.4 பாகை கட்டம்.

அடிக்கடி நேரும் தவறு, வேறு அலைநீளத்துக்குத் தயாரித்த அட்டவணையை அப்படியே பயன்படுத்துவது. 633-க்கான அட்டவணையோடு 532 நானோமீட்டர் ஒளியை அனுப்பினால் கட்டம் 2 பையைத் தாண்டும். மையத்தைச் சுற்றிவரக் கட்டம் 0-இலிருந்து 2 பை வரை ஏறும் சுழல் கோலத்தில், 2 பை முடியும் கோட்டின் வழியே ஒரு வெட்டுத் தழும்பு தெரியும்.

5. திரும்பும் பாதையை அமைத்தல்

இடப் பாதியிலிருந்து எதிரொளித்த கற்றையின் வழியில், திரையிலிருந்து 300 மி.மீ. தொலைவில் லென்ஸையும், அதற்கப்பால் மேலும் 300 மி.மீ. தொலைவில் தள ஆடியையும் வைக்க வேண்டும். லென்ஸின் மையம் இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள கோட்டுக்கு நேராக வரட்டும். இந்த அமைப்பில் இடப் பாதியின் பிம்பம் 180 பாகை சுழன்று, அதே அளவில், வலப் பாதியின்மேல் விழும்.

லென்ஸ் இல்லாமல் வெறும் ஆடியால் திருப்பினால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. கற்றை முழுமையாகப் பார்த்தால் அரை மீட்டரில் விரியாதுதான். ஆனால் சுழலின் மையத்தில் கட்டம் ஒரே புள்ளியில் சுற்றுவதால், அங்கே விளிம்பு விளைவு உடனே தொடங்கிவிடும்; 40 செ.மீ. தொலைவுக்குள் நடுவிருள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றுவிடும். கிடைக்கூறின் இருள் அகன்றும், செங்குத்துக்கூறின் இருள் கூர்மையாகவும் இருந்தால், மையத்தருகே தளவிளைவுக் கோலம் சிதையும்.

கற்றை ஆடியின்மேல் ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளியாகக் குவிகிறது. அந்த இடத்தில் ஒரு தூசு இருந்தாலும் கற்றை முழுவதும் வரி வரியாகக் கெடும் என்பதால், வரிகளைக் கண்டவுடன் எஸ்.எல்.எம்.-ஐச் சந்தேகிக்காமல் ஆடியைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

வலப் பாதியில் பட்டு வெளியேறும் கற்றை, உள்வரும் கற்றைக்கு இணையாக 7.68 மி.மீ. தள்ளி, வந்த வழியே திரும்பிச் செல்லும். அதை அரைவட்ட ஆடியால் வெட்டி எடுத்துக் கேமரா பக்கம் திருப்புக. இங்கே கற்றைப் பிரிப்பானைப் பயன்படுத்தினால் ஒளியில் முக்கால் பங்கு வீணாகும்.

6. கூறுகளை இடம் மாற்றும் கால் அலைத் தகடு

லென்ஸுக்கும் தள ஆடிக்கும் இடையே முதல் கால் அலைத் தகட்டை, அதன் அச்சு கிடைக்கு 45 பாகை இருக்கும்படி வைக்க வேண்டும். ஒளி இதைப் போகும்போதும் வரும்போதும் இருமுறை கடப்பதால், இது அரை அலைத் தகடு போலச் செயல்பட்டுக் கிடையைச் செங்குத்தாகவும் செங்குத்தைக் கிடையாகவும் மாற்றும்.

தாங்கியில் அச்சிட்ட 45-ஐ நம்பக் கூடாது. சரியான கோணத்தை இப்படிக் கண்டறியலாம்: கிடைக்கூறை மட்டும் அனுப்புக, இடப் பாதியில் எந்தக் கோலமும் வேண்டாம், வலப் பாதியில் மட்டும் 8 பிக்சல் ரம்பக் கீற்றணியை ஏற்றுக. இடமாற்றம் முழுமையாக இருந்தால் ஒளி செங்குத்தாகி வலப் பாதியை அடையும், கீற்றணி அதைத் தொடாது. மிச்சமிருக்கும் கிடைக்கூறு மட்டும் விலகி, தனியே ஒரு சிறு புள்ளியாக விழும். இருட்டறையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அந்தச் சிறு புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தகட்டைத் திருப்புக. ஒரு பாகை திருப்பினாலும் புள்ளி மீண்டும் தலைகாட்டும். இருளைத் தேடும் சோதனை என்பதால் இது வெளிச்சத்தை அளப்பதைவிடப் பல மடங்கு நுட்பமானது.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களின் கற்றையில், வளையத்தின் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி உட்கார்ந்திருக்கும். காரணம் எளிது. இடம் மாறாத கிடைக்கூறு இடப் பாதியில் ஒரு சுழலும் வலப் பாதியில் அதற்கு எதிர்ச்சுழலும் பெற்று, இரண்டும் கழிந்து, நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் உள்ள வெறும் காஸியன் கற்றையாக மையத்தில் குவிகிறது. மாணவர் ஒருவர் இரண்டு நாள் இந்தப் புள்ளியை எஸ்.எல்.எம். அட்டவணையில் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தகடு மூன்று பாகை விலகியிருந்தது.

7. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே மையப்படுத்துதல்

1,000 மி.மீ. லென்ஸின் குவியத்தில் கேமராவை வைக்க. அங்கே காஸியன் புள்ளியின் ஆரம் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். 5 மைக்ரோமீட்டர் பிக்சலுள்ள கேமராவில் 20 பிக்சல் ஆகும். குறுகிய குவியத்தூர லென்ஸை வைத்தால் வளையம் சில பிக்சல்களுக்குள் சுருங்கி, பிழைகள் கண்ணில் படாமல் போகும்.

கிடைக்கூறை மட்டும் அனுப்பி, இடப் பாதியில் மையத்தைச் சுற்றிய கோணத்துக்குச் சமமான கட்டமுள்ள சுழலை ஏற்றுக. கேமராவில் உளுந்து வடை போல நடுவில் ஓட்டையுள்ள வளையம் தோன்றும். வளையத்தின் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் இருந்தால், சுழலின் மையம் கற்றையின் மையத்தில் இல்லை என்று பொருள். மையத்தை முதலில் பத்துப் பத்துப் பிக்சலாகவும், பின் இரண்டிரண்டாகவும் நகர்த்தி, வளையம் சுற்றிலும் ஒரே தடிப்பாகும்வரை திருத்துக.

பிறகு செங்குத்துக்கூறை மட்டும் அனுப்பி, வலப் பாதியில் எதிர்த்திசைச் சுழலை ஏற்றி, இதையே மீண்டும் செய்க. திரையின் ஆயத்தில் இடப் பாதியில் கோணத்தைக் கூட்டினால் வலப் பாதியில் கழிக்க வேண்டும். ஆடிகள் சுழலைத் திருப்பிவிடும் என்று எண்ணி இரு பாதிகளிலும் ஒரே திசைச் சுழலை ஏற்றும் தவறு மிகப் பரவலானது. லென்ஸும் ஆடியும் சேர்ந்து பிம்பத்தை 180 பாகை சுழற்றுகின்றனவே தவிர, இடவலமாகப் புரட்டுவதில்லை.

8. இரு வளையங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்த்துதல்

கிடைக்கூறின் வளையத்தைப் படமெடுத்து அதன் மையத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, கேமராவைத் தொடாமல் செங்குத்துக்கூறுக்கு மாறுக. இரு மையங்களும் விலகியிருந்தால், ஆடிகளைத் தொடாமல், வலப் பாதியின் கோலத்தில் ஒரு மெல்லிய சாய்வுக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும். ஒரு பாதியின் அகலம் முழுவதற்கும் 2 பை சாய்வு என்பது ஏறத்தாழ 82 மைக்ரோரேடியன். நமது கேமராவில் அது 82 மைக்ரோமீட்டர் நகர்வு. ஆடித் திருகால் இவ்வளவு நுட்பமாக நகர்த்துவது கடினம். மேலும் ஆடியைத் தொட்டால் ஏழாம் படியின் மையங்கள் மீண்டும் கலையும்.

வளையங்களின் அளவு வேறுபட்டால், 300 மி.மீ. தொலைவுகளில் ஏதோ ஒன்று பிழை. தொலைவைத் திருத்துவதே முறை; மிகச் சிறு வேறுபாட்டுக்கு மட்டும் ஒரு பாதியில் மெல்லிய லென்ஸ் கட்டத்தைச் சேர்க்கலாம்.

9. கடைசிக் கால் அலைத் தகடு

இரண்டாம் கால் அலைத் தகட்டை, கற்றையின் பாதையில் உள்ள கடைசி 45 பாகை ஆடிக்கும் அப்பால் வைக்க வேண்டும். இந்த இடம் முக்கியம். ஆடிகள் கிடைக்கும் செங்குத்துக்கும் வெவ்வேறு கட்டத்தைத் தரும். கற்றை இன்னும் கிடை, செங்குத்து எனப் பிரிந்திருக்கும்வரை அது ஒரே நிலையான கட்ட வேறுபாடு மட்டுமே, அடுத்த படியில் சாம்பல் அளவால் ஈடுகட்டிவிடலாம். வட்டத் தளவிளைவாக மாறியபின் ஆடியில் பட்டால் கோலமே திரிந்துவிடும், அதைத் திரையிலிருந்து எளிதில் சரிசெய்ய முடியாது.

கோணத்தைச் சரிபார்க்க, கிடைக்கூறை மட்டும் அனுப்பி, தகட்டுக்குப் பின் ஆய்வியை முழுச் சுற்றுச் சுழற்றுக. திறன் மாறாதிருந்தால் வட்டத் தளவிளைவு கிடைத்துவிட்டது.

10. இதழ்ச் சோதனையும் கட்ட வேறுபாடும்

இப்போதுதான் முதன்முறையாக இரு கூறுகளையும் சேர்த்து அனுப்பலாம். அரை அலைத் தகட்டை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கடைசித் தகட்டுக்குப் பின் ஆய்வியை வைத்தால், வளையம் இரண்டு இதழ்களாகப் பிரியும். ஆய்வியைத் திருப்பினால் இதழ்களும் அதே திசையில், அதே அளவு சுழல வேண்டும்.

இதழ்களே தோன்றாமல் வளையம் வளையமாகவே நின்றால், இரு பாதிகளிலும் ஒரே திசைச் சுழல் உள்ளது. இதழ்கள் ஆய்விக்கு எதிர்த்திசையில் சுழன்றால், இரு சுழல்களின் குறிகளையும் ஒருசேர மாற்றுக. இதழ்களுக்கு இடையே முழு இருள் வராவிட்டால் கூறுகளின் வலிமை சமமில்லை. அரை அலைத் தகட்டைச் சிறிது திருப்பிச் சமப்படுத்துக.

அடுத்து, வலப் பாதி முழுவதற்கும் ஒரு நிலையான சாம்பல் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் இதழ்கள் மெல்லச் சுழலும். 2 பைக்கு அரைச் சுற்று. இதழ்கள் ஆய்வியின் அச்சின்மேல் அமரும் இடத்தில் ஆரத் தளவிளைவு. அங்கிருந்து சரியாக ஒரு பை கூட்டினால் தொடுகோட்டுத் தளவிளைவு.

11. ஸ்டோக்ஸ் அளவீடு

ஸ்டோக்ஸ் அளவீடு என்பது சில படங்களிலிருந்து ஒவ்வொரு பிக்சலின் தளவிளைவையும் கணக்கிடும் முறை. இதழ்கள் அழகாகத் தெரிவதோடு நிறுத்திவிடக் கூடாது. ஆய்வி நீள்வட்டத் தளவிளைவை மறைத்துவிடும். ஆய்வியைக் கிடை, செங்குத்து, 45 பாகை நிலைகளில் வைத்து மூன்று படங்களும், அதன் முன் மூன்றாவது கால் அலைத் தகட்டை வைத்து வலச்சுழலுக்கு ஒரு படமும், ஒரே ஒளிப்பதிவு நேரத்தில் எடுக்க வேண்டும். இந்தத் தகட்டைப் பொதுவாக வேறு மேசையிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம். லேசரை மறைத்து எடுத்த இருட்படத்தை ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும்.

கிடையும் செங்குத்தும் கூட்டினால் மொத்தச் செறிவு. கிடையிலிருந்து செங்குத்தைக் கழித்தால் முதல் அளவு. 45 பாகைப் படத்தின் இருமடங்கிலிருந்து மொத்தத்தைக் கழித்தால் இரண்டாம் அளவு. வலச்சுழல் படத்தின் இருமடங்கிலிருந்து மொத்தத்தைக் கழித்தால் மூன்றாம் அளவு. இரண்டாம் அளவு, முதல் அளவு இவற்றின் விகிதத்துக்குரிய கோணத்தில் பாதியே, அந்தப் பிக்சலில் தளவிளைவின் திசை. மொத்தச் செறிவு உச்சத்தின் 5 விழுக்காட்டுக்குக் கீழுள்ள பிக்சல்களில் திசையை வரையாதிருப்பது நல்லது. அங்கே இரைச்சலே திசையாகத் தெரியும்.

பிழையைக் காட்டிக்கொடுப்பது மூன்றாம் அளவுதான். அது எங்கும் ஒரே குறியோடு இருந்தால் கூறுகளின் வலிமை சமமில்லை. ஒரு பக்கம் நேர்க்குறியும் மறு பக்கம் எதிர்க்குறியும் இருந்தால் இரு வளையங்களின் மையங்கள் விலகியுள்ளன, எட்டாம் படிக்குத் திரும்புக. உள்வட்டத்தில் ஒரு குறியும் வெளிவட்டத்தில் மறு குறியும் இருந்தால் வளையங்களின் அளவு வேறு.

12. விரும்பிய கோலத்தை வரைதல்

ஒவ்வொரு புள்ளியிலும் வேண்டிய திசைக்கோணத்தை ஒரு வரைபடமாக எழுதிக்கொண்டு, அதை அப்படியே ஒரு பாதியிலும், குறி மாற்றி மறு பாதியிலும் கட்டமாக ஏற்ற வேண்டும். இடப் பாதிக்குரியதை ஏற்றும் முன் 180 பாகை சுழற்றிவிட வேண்டும். ஆரத் தளவிளைவில் இந்தச் சுழற்சி ஒரு நிலையான கட்டமாக ஒளிந்துகொள்வதால், சமச்சீரற்ற முதல் கோலத்தில்தான் பலரும் இதை உணர்கிறார்கள்.

திசைக்கோணம் மையத்தைச் சுற்றி அரைச் சுற்று மட்டும் திரும்பும் கோலங்களில் தனிக் கவனம் தேவை. மேற்சொன்ன முறைப்படி பாதிப் பாதியாகப் பங்கிட்டால் இரு கூறுகளிலும் ஒரே கோட்டில் பை அளவு தாவல் விழுந்து, அங்கே கற்றை கருங்கோடாக வெட்டுப்படும். இத்தகைய கோலத்துக்கு ஒரு பாதியில் முழுச் சுழலையும், மறு பாதியில் வெறுமையையும் ஏற்றுக. கேமராவின் குவியத்தளத்தில் ஒரு வட்டத் தளவிளைவு வளையமாகவும் மற்றது நடுப்புள்ளியாகவும் வந்து, மையத்தில் வட்டம், இரண்டும் சமமாகும் ஆரத்தில் நேர்கோடு, இடையே நீள்வட்டம் எனப் பலவகைத் தளவிளைவுகள் ஒரே கற்றையில் கிடைக்கும்.

திரையின் பிக்சல் இடைவெளிகளில் பட்டு, கட்டம் பெறாமல் திரும்பும் ஒளி எப்போதும் சிறிதளவு நடுவில் கலந்திருக்கும். அதையும் நீக்க வேண்டுமானால் இரு கோலங்களோடும் ரம்பக் கீற்றணியைச் சேர்த்து, இடப் பாதியின் கீற்றணியையும் கோலத்தோடு சேர்த்து 180 பாகை சுழற்றி, கேமராவுக்கு முன் விலகிய கற்றையை மட்டும் ஐரிஸ் (அளவை மாற்றக்கூடிய துளை) வழியே விட வேண்டும். முதல்முறை செய்பவர்கள் கீற்றணி இல்லாமல் பன்னிரண்டு படிகளையும் முடித்தபின் இதைச் சேர்ப்பது நல்லது. அன்றைய வேலை முடிந்ததும் இரு மையங்களின் பிக்சல் எண்கள், நான்கு தகடுகளின் கோணங்கள், ஆரத் தளவிளைவு வந்த சாம்பல் அளவு, அறை வெப்பநிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க. மறுநாள் காலையில் ஆறாம் படியின் இருள் சோதனையும் பத்தாம் படியின் இதழ்ச் சோதனையும் அந்த எண்களோடு பொருந்தினால், மற்றப் படிகளைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.